குற்றவாளி பழமா, காம்பா?

எல்டர்பெரியைப் பற்றி யார் எழுதினாலும் ஓர் எச்சரிக்கை தவறாமல் வந்துவிடும்: பச்சையாகத் தின்னக்கூடாது, சயனைடு இருக்கிறது, கலிஃபோர்னியாவில் ஒரு கூட்டமே சாறு குடித்து ஆஸ்பத்திரிக்குப் போனது. சளிக்கு சிரப் விற்பவரும் இதைச் சொல்கிறார், செடி வளர்ப்பவரும் சொல்கிறார். எந்த எல்டர், அதில் எந்தப் பாகம் என்பதை மட்டும் பலரும் விட்டுவிடுகிறார்கள். அதுதான் எனக்கு உறுத்தியது. ஒருவர் எழுதியதை இன்னொருவர் எடுத்தாள, நூல் பிடித்துப் பின்னோக்கிப் போனால் எல்லாம் ஒரே இடத்தில் முடிகிறது: அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் வாராந்தர அறிக்கையில் 1984 ஏப்ரலில் வந்த ஒரு சிறு குறிப்பு.

அந்தக் குறிப்பில் இருக்கும் கதையே வேறு. 1983 ஆகஸ்ட், கலிஃபோர்னியாவின் மான்டரே மாவட்டத்தில் ஒதுக்குப்புறமான ஓரிடம். அங்கே கூடியிருந்த குழுவுக்காகக் காட்டு எல்டரைக் கொத்துக் கொத்தாகப் பறித்து வந்தவர்கள், இலையையும் கிளையையும் கழிக்காமல் அப்படியே நசுக்கிப் பிழிந்திருக்கிறார்கள். ஆப்பிள் சாறு, தண்ணீர், சர்க்கரை சேர்த்தார்கள், கொதிக்கவைக்கவில்லை. குடித்த கால் மணி நேரத்துக்குள் 11 பேருக்குக் குமட்டல், வாந்தி, வயிற்றுப்பிடிப்பு. 8 பேரை ஹெலிகாப்டரில் தூக்கிப் போனார்கள். 5 கிளாஸ் குடித்தவர் நினைவு மங்கிக் கிடந்தார். எல்லோரும் பிழைத்துக்கொண்டார்கள். இதில் பழத்தின் பங்கு எவ்வளவு, இலை தண்டின் பங்கு எவ்வளவு? பிரிக்கவே வழியில்லை. வெறும் பழச்சாற்றைக் குடித்தவர் என்று ஒப்பிட்டுப் பார்க்க ஒருவரும் அங்கே இல்லை. பழத்தைத் தண்டிக்கவும் விடுவிக்கவும் இந்தச் சாட்சி உதவாது. பழத்தைத் தேடி வந்தவருக்கு இது முட்டுச்சந்து. ஆனாலும் போகிறபோக்கில் குறிப்பு இன்னொன்றைச் சொல்லிவிடுகிறது. பிழியப்பட்டது மேற்குக் கரைக்குரிய நீலப்பழ எல்டர். அமெரிக்காவின் கிழக்கிலும் நடுப்பகுதியிலும் தோட்டம் போடும் கறுப்புப்பழ ‘அமெரிக்க எல்டரும்’ அல்ல, ஐரோப்பிய மரமும் அல்ல.

வகை பார்ப்பது வீண்வேலை என்று தாவரவியலைக் காட்டி ஒருவர் மறுக்கலாம். 1994இல் இந்தப் பேரினத்தை மறுஆய்வு செய்த பொல்லி, அமெரிக்கச் செடியையும் நீலப்பழச் செடியையும் ஐரோப்பிய எல்டரின் துணையினங்களாகவே சேர்த்தார். இருக்கட்டும். கவாத்துக் கத்தி வேறு கணக்குச் சொல்கிறது. அமெரிக்க எல்டர் அந்த ஆண்டுத் தளிரிலேயே பூத்துக் காய்க்கும். அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் குளிர்காலத்தில் தோட்டம் முழுவதையும் தரையோடு வெட்டிவிட்டு, வரும் கோடையிலேயே பழம் பறிக்கிறார்கள். ஆஸ்திரியாவின் ‘ஹாஷ்பெர்க்’ போன்ற ஐரோப்பிய ரகத்தை அப்படி வெட்டினால் அந்த ஆண்டு மகசூல் போச்சு, ஏனென்றால் அது காய்ப்பது முந்தைய ஆண்டுக் கிளையில். பெயரை ஒன்றாக்கியதால் காய்ப்பு ஒன்றாகிவிடவில்லை. விஷம் மட்டும் ஒன்றாகவே இருக்கும் என்று நம்ப என்ன ஆதாரம்?

இங்கேதான் செடியைப் பெருக்கும் முறை முக்கியமாகிறது. எல்டர் விதைக்கன்று தாயைப் போலவே வரும் என்று சொல்ல முடியாது. போத்து அப்படியல்ல. இலையுதிர்ந்து செடி உறங்கும் காலத்தில், பென்சில் பருமனில் இரண்டு ஜோடிக் கணு உள்ள குச்சியை வெட்டி, கீழ்க்கணு மண்ணுக்குள் போகும்படி ஊன்றினால் போதும். நடுவே தக்கை நிறைந்த அந்தக் குச்சி லேசில் வேர்பிடிக்கும். 1999இல் மிசௌரிக் காட்டுச்செடி ஒன்றிலிருந்து எடுத்த ‘பாப் கார்டன்’ ரகம் இன்று எத்தனை தோட்டத்தில் நின்றாலும் அதே ஒரு செடிதான். அப்படிப்பட்ட செடியைத்தான் சோதித்துப் பேச முடியும். மிசௌரி ஆய்வாளர்கள் 2021இல் அமெரிக்க எல்டரைப் பாகம் பாகமாகச் சோதித்தார்கள். சயனைடு தரும் சேர்மங்கள் சாற்றையும் விதையையும் விட காம்பிலும் பச்சைக்காயிலும் கூடுதல். ஆனால் எந்தப் பாகத்திலும் ஆபத்தான அளவுக்கு இல்லை. இந்த முடிவை நீலப்பழத்துக்கு அப்படியே நீட்டுவதும் நான் குறை சொல்லும் அதே தவறுதான்.

எதற்கு வம்பு, எல்லாவற்றையும் கொதிக்கவைத்துவிட்டால் தீர்ந்ததே என்பார்கள். கொதிக்கவைப்பது நல்லதுதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. மரவள்ளியிலும் இதே சயனைடுதான். நாம் அதை விஷக்கிழங்கு என்று ஒதுக்கவில்லை, தோலை உரிக்கிறோம், வேகவைக்கிறோம், கசப்பு ரகத்தைக் குழம்புக்கு எடுக்காமல் மாவுக்கு அனுப்புகிறோம். சிவப்புப்பழ எல்டரை வட அமெரிக்க மேற்குக் கரைப் பழங்குடிகள் கையாண்டதும் இதே பக்குவத்தில்தான்: ஆவியில் வேகவைத்தார்கள், விதையை உண்ணாமல் நீக்கினார்கள். ‘எல்டர் விஷம்’ என்ற ஒற்றை வரியில் இந்தப் பக்குவம் எதுவும் தங்குவதில்லை. கொதிக்கவைத்தால் போதும் என்று நம்புகிறவர் காம்பையும் சேர்த்தே பாத்திரத்தில் போடுவார். பழம் விளைவிப்பவர்களோ கொத்தை முழுதாக உறையவைத்து, கம்பி வலையில் தேய்த்து உதிர்த்து, காம்பையும் பச்சைக்காயையும் பொறுக்கி எறிந்த பிறகுதான் அடுப்பையே பற்றவைக்கிறார்கள்.