துணைக்கு ஓர் ஆள்

தணிசந்திராவைத் தாண்டிய வட பெங்களூரு. மேட்டில் அடுக்குமாடி வீடுகள், பள்ளத்தில் நீலத் தார்ப்பாய்க் குடிசைகள். மேட்டில் கழித்ததெல்லாம் பள்ளத்தில் தரம் பிரிந்து கிடக்கிறது: பால் கவர் ஒரு மூட்டை, அட்டை ஒரு மூட்டை, தண்ணீர் பாட்டில் தனி, அதன் மூடி தனி. அட்டை மூட்டை மேல் ஒரு கோழி.

ஞாயிறு காலை. தொண்டு அமைப்பிலிருந்து வந்திருக்கும் இளம்பெண் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் பள்ளிச் சேர்க்கைப் படிவத்தை விரித்திருக்கிறாள். எதிரே குத்துக்காலிட்டு ஒரு தாய். இடுப்பில் கைக்குழந்தை, பக்கத்தில் ஒன்பது வயது மகள். நான் ஓரமாக ஒரு சிமெண்டுத் திண்டில்.

"பேரு சொல்லுங்க அக்கா." இந்தியும் கன்னடமும் கலந்த பேச்சு. தாய் சொல்கிறாள். எழுதியதை இளம்பெண் திரும்ப வாசிக்கிறாள். தாய் தலையாட்டிய பிறகுதான் அடுத்த கட்டம். இந்த நிதானத்தை எந்த அரசு அலுவலகத்திலும் நான் பார்த்ததில்லை.

பிறந்த தேதி? மழைக்காலம் என்கிறாள் தாய். ஐ.நா. அகதிகள் ஆணையம் கொடுத்த அட்டையில் ஜனவரி 1. பக்கத்தில் காத்திருக்கும் பெரியவரின் அட்டையிலும் அதுவே. நாள் தெரியாத பிறப்புக்கு உலகெங்கும் அதிகாரிகள் பெரும்பாலும் போடுகிற நாள் அது.

நாடு என்ற கட்டத்தில் பேனா கொஞ்சம் நிற்கிறது. இவர்கள் மியான்மரிலிருந்து வந்த ரோஹிங்கியாக்கள். அந்நாட்டின் 1982ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இவர்களைத் தன் மக்களாக ஏற்கவில்லை. 2017 ஆகஸ்டில் ராக்கைனில் ராணுவம் புகுந்தபோது 7 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வங்கதேசத்துக்கு ஓடினார்கள். 1951ஆம் ஆண்டு அகதிகள் ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்திடவில்லை. ஆகவே இந்த அட்டைக்கு இங்கே சட்டத்தின் முழு பலம் கிடையாது. 2021 அக்டோபரில் கர்நாடக அரசு பெங்களூரில் 72 ரோஹிங்கியாக்களை அடையாளம் கண்டிருப்பதாக உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. அவர்களை உடனே வெளியேற்றும் திட்டமில்லை என்ற வரியும் அதில் இருந்தது. சில நாட்களில் அரசின் அந்த நிலைப்பாடு மாறியது. அந்த நாட்களில் இந்தக் குடிசைகளில் யாரும் ஆழ்ந்து தூங்கியிருக்க மாட்டார்கள்.

ஆதார் எண் கட்டம் காலி. மற்ற எல்லாவற்றையும் விட அதைத்தான் பள்ளியில் முதலில் பார்ப்பார்கள். இளம்பெண் கோப்பிலிருந்து இரண்டு நகல்களை எடுத்துப் படிவத்தோடு சேர்க்கிறாள். ஒன்று 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம். 6 முதல் 14 வயது வரையுள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் என்றுதான் அது பேசுகிறது. வயதுச் சான்று இல்லையென்று சேர்க்கையை மறுக்கக் கூடாது என்கிறது அதன் 14ஆம் பிரிவு. மற்றது, டெல்லி ரோஹிங்கியாக் குழந்தைகள் தொடர்பான வழக்கில் 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இட்ட உத்தரவு: குழந்தைகள் பள்ளியை அணுகலாம், மறுத்தால் உயர் நீதிமன்றம் போகலாம்.

எனக்கு மண்டபம் அகதிகள் முகாம் நினைவுக்கு வருகிறது. 1983க்குப் பிறகு படகில் வந்த ஈழத்தமிழர்களுக்குத் தமிழ்நாடு முகாமும் மாத உதவித்தொகையும் தந்தது, பள்ளிகளைத் திறந்துவிட்டது. 1984இல் சந்திரஹாசன் தொடங்கிய 'ஆஃபர்' என்ற ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தில் அகதிகளே அகதிகளுக்குப் பணி செய்தார்கள். குறைகள் நிறைய, குடியுரிமைக் கேள்வி இன்னும் தீரவில்லை. ஆனால் ஒரு தலைமுறை படித்து மேலே வந்தது. அரசு கதவைத் திறந்தபோது தொண்டர்களின் உழைப்பு பலித்தது. இங்கே கதவைத் தட்டுவதற்கே அந்த உழைப்பு முழுக்கச் செலவாகிறது. அது நியாயமில்லை.

அந்தப் பக்கம் இன்னொரு தொண்டர் கர்ப்பிணிகளின் 'தாயி கார்டு' எனும் தாய்-சேய் நல அட்டைகளைப் பார்த்து, தடுப்பூசித் தேதிகளைக் குறித்துக்கொண்டிருக்கிறார்.

படிவம் முடிந்தது. தாய் கட்டைவிரல் ரேகை வைக்கிறாள். மகள் பேனாவை வாங்கி, உள்ளங்கையில் தன் பெயரைக் கன்னடத்தில் எழுதிப் பார்க்கிறாள். இந்தக் குடிசைப் பகுதி வகுப்பில் கற்றது.

"நாளைக்கு ஒன்பதரைக்குப் பள்ளிக்கூட வாசல்ல இருங்க அக்கா. நான் வந்துடறேன்."

"முடியாதுன்னு சொல்லிட்டா?"

"எழுதிக் கொடுங்கன்னு கேப்பேன். கொடுக்கிற வரைக்கும் அங்கேயே உக்காந்திருப்பேன்."

தாய் இன்னும் எழுந்திருக்கவில்லை. போகிற வழியில் போலீஸ் நிறுத்தினால் என்ன சொல்வது என்று கேட்கிறாள். இளம்பெண் யோசிக்கிறாள். பிறகு, "எட்டரைக்கு இங்கேயே வந்துடறேன், சேர்ந்து போயிடலாம்" என்று சொல்லிவிட்டு, காத்திருக்கும் பெரியவரின் அட்டைக்குக் கை நீட்டுகிறாள்.