மயான காண்டம் கேட்ட இரவு

தரம் 10 மாணவர்க்கு ஈழத்து இசைநாடகம் பற்றிக் கூறப் புகுந்து, கரும்பலகையில் வைரமுத்து என்னும் பெயரை நாம் எழுதியதும் வகுப்பிற் கலகலப்பு எழுந்தது. "சினிமாவுக்குப் பாட்டு எழுதிறவர்தானே, சேர்?" என்றான் ஒருவன். அவன்மீது குற்றமில்லை. காங்கேசன்துறை தந்த நடிகமணி வி. வி. வைரமுத்து 1989ஆம் ஆண்டிலே மறைந்தார். நாமே அவரை மேடையிற் கண்டதில்லை. மறு ஆண்டு போர் அவ்வூர் மக்களைத் துரத்திற்று. அவர் குரல் கேட்ட முற்றங்கள் நெடுங்காலம் இராணுவ வலயத்துட் கிடந்தன.

இத்தாலியரின் இசைநாடகத்தில் ஆணின் உச்சக்குரற் பாடகனை டெனர் என்பர். அவ்வகையிற் புகழ்பெற்ற கருஸோ 1902ஆம் ஆண்டு மிலான் நகரில் இசைத்தட்டுக்குப் பாடினார். 1921இல் அவர் மறைந்தும் அக்குரல் மறையவில்லை. அவருக்கு மாளிகை போன்ற அரங்குகளும் பெரும் வாத்தியக் குழுவும் இருந்தன. 1924இற் பிறந்த நம் கலைஞருக்கு வாய்த்தவை கோயில் வீதியும் ஆர்மோனியமும் மிருதங்கமுமே. வசந்த கான சபாவின் நாயகராக அவர் அரிச்சந்திரன் வேடத்தில் 3000 தடவைக்கு மேல் தோன்றினார் என்பர். நாளொன்றுக்கு ஓர் ஆட்டமென்று கொண்டாலும் எட்டாண்டுகளுக்கு மேல் ஒருவர் நாடோறும் சுடலை காத்திருக்கிறார்! மேற்சுருதியிற் பாடியவாறே அழவும் வேண்டும், வசனம் பேசவும் வேண்டும்; முன்னிருப்போர்க்கு மட்டுமன்றி, வேலியோரத்திற் பாய் விரித்திருக்கும் கடைசி மனிதனுக்கும் சொல் தெளிவாய்ப் போய்ச் சேரவேண்டும். குரலை மட்டுமன்று, உடலையே விலையாகக் கேட்கும் தொழில் இது. இலங்கை மேடைகளிலும் பாடிய எஸ். ஜி. கிட்டப்பா 27 வயதில், 1933இல், மாண்டதை நாம் எண்ணிப் பார்க்கிறோம்.

இசைநாடகக் கலைஞர் பலர் ஒடுக்கப்பட்ட மக்களிடையிலிருந்து வந்தோர். இரவில் அரசனாய் அவர்களை வணங்கிய ஊர், விடிந்ததும் 'கூத்தாடி' என்று ஒதுக்கி நிறுத்தியது. கதையோ, அரசனொருவன் சுடலை காக்கும் வீரவாகுவுக்கு அடிமையாகிய கதை! கண்ணீர் விட்ட கனவான்கள் அதன் பொருளை ஏன் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை என்று நாம் வியந்ததுண்டு.

சென்ற ஆண்டு எங்கள் ஊர்க் கோயிற் பொங்கலன்று ஒரு குழுவினர் மயான காண்டம் ஆடினர். கிளிநொச்சியில் இப்போது இத்தகைய இரவுகள் அரிது. நம் அருகிருந்த முதியவர் 1995 இடப்பெயர்வில் வன்னிக்கு வந்தவர். இளமையில் வைரமுத்துவைப் பலமுறை கண்டவர்.

"அந்தாள் பாடத் தொடங்கினா, மழை பெய்தாலும் சனம் எழும்பாது, தம்பி. இந்தப் பொடியன் மைக்கைக் கடிக்கிறான்," என்றார்.

"பொடியனும் மோசமில்லை, ஐயா," என்றோம்.

அவர் ஒப்பவில்லை. ஆட்டம் தொடர்ந்தது. இறந்த மகனை ஏந்திச் சந்திரமதி வருகிறாள். மனைவியென்று அறியாத அரிச்சந்திரன் கால் பணமும் முழத்துண்டும் வாய்க்கரிசியும் கேட்டு வழிமறிக்கிறான். பிள்ளைகள் சிலர் சிரித்தனர். பெண்கள் சேலைத் தலைப்பால் முகத்தை மூடினர். 2009இல் முள்ளிவாய்க்காலில் அம்முதியவர் தம் மகனைப் பறிகொடுத்தவர். ஷெல் மழைக்குள் உடலை விட்டுவிட்டு ஓட நேர்ந்தது என்று முன்பொருமுறை நம்மிடம் கூறியிருக்கிறார்.

"அவளுக்கொரு சுடலையாவது இருந்துது," என்றார், மேடையிலிருந்து கண்ணெடாமலே.

நாம் மறுமொழி கூறவில்லை. எழுந்து போய்விடுவாரோ என்று அஞ்சினோம். போகவில்லை. பாட்டொன்று முடிந்து ஆர்மோனியக்காரர் சுருதியை இழுத்துப் பிடித்த இடைவெளியில், "மைக்கை நிப்பாட்டிப்போட்டுப் பாடச் சொல்லும், தம்பி," என்று நம் தோளைத் தட்டினார். நாம் எழுந்து மேடையருகே போனோம்.