மகளின் வலிக்கு நான் போட்ட மார்க்

என் மகளுக்கு மூட்டுவாதம். பதினாறு வயதுக்குள்ளேயே தொடங்கும் வகை. அந்த வலியை நான் நம்பவில்லை. முதலில் அதை ஒப்புக்கொள்கிறேன். காலையில் வாட்டர் பாட்டில் மூடியைத் திறக்க முடியாமல் என்னிடம் நீட்டுவாள். மாலையில் சேலையூரில் தோழிகளோடு சிரித்துக்கொண்டு நிற்பாள். நடிக்கிறாள் என்றே நினைத்தேன். இந்த நோயில் காலை விறைப்புதான் கடுமை, நேரம் போகப் போக விரல் இளகும் என்று தெரிந்துகொள்ள நான் மெனக்கெடவில்லை. தாம்பரம் ஸ்டேஷன் மேம்பாலப் படியில் கம்பியைப் பிடித்து நின்றவளை, "டிரெயின் போயிடும், வா" என்று கையைப் பிடித்து இழுத்திருக்கிறேன். வீங்கிய மணிக்கட்டு அது.

டாக்டர் செல்போனில் வலிக் குறிப்பு வைக்கச் சொன்னார். காலையும் மாலையும் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண், எந்த மூட்டு, தூக்கம் எப்படி. டொரான்டோ குழந்தைகள் மருத்துவமனையில் ஜெனிஃபர் ஸ்டின்சன் குழுவினர் இளையோருக்கென்றே இப்படிப்பட்ட செயலிகளை உருவாக்கியிருக்கிறார்கள். நோட்டில் எழுதினால் போதாதா என்று கேட்டேன். போதாது. 2002இல் வெளியான ஓர் ஆய்வில், நாள்பட்ட வலி உள்ளவர்களின் நோட்டுக்குள் ஒளியை உணரும் கருவியை அவர்களுக்குத் தெரியாமல் வைத்தார்கள். 90 சதவீதம் நேரத்துக்கு எழுதியதாக அவர்கள் காட்டினார்கள்; உண்மையில் நேரத்துக்கு எழுதியது 11 சதவீதம்தான். செல்போனில் வலிக்கும் நேரத்திலேயே பதிவு விழும், நேரமும் தானாகச் சேரும்.

அந்தப் பதிவை நான் கெடுத்தேன். ராத்திரி அவள் போனை வாங்கிப் பார்ப்பேன். மூன்று என்றிருந்தால், "மூணுதானே, டியூஷன் போயிருக்கலாமே" என்பேன். ஏழு என்றிருந்தால், "ரீல்ஸ் தள்ள மட்டும் விரல் வருதா?" நாளடைவில் காலை, மாலை எல்லாம் ஐந்தாகிவிட்டது. டாக்டர் திரையைத் தள்ளிப் பார்த்துவிட்டு என்னை வெளியே உட்காரச் சொன்னார். வீட்டுக்கு வந்தபின் அவளே சொன்னாள்: "அஞ்சு போட்டா நீங்க ஒண்ணும் கேக்க மாட்டீங்கப்பா." மருந்து பலன் தருகிறதா என்று டாக்டர் பார்க்க வேண்டிய பதிவை, என் வாய்க்குப் பயந்து என் பிள்ளை பொய்யாக நிரப்பியிருக்கிறாள். அந்த நாட்களின் உண்மையான வலி எவ்வளவு என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

இப்போது அந்தச் செயலியின் பூட்டு எண் அவளுக்கு மட்டும்தான் தெரியும். வலியோடு வாழும் பிள்ளையின் பெற்றோருக்கு ஒன்று சொல்வேன். அந்தக் குறிப்பைத் திறந்து பார்க்காதீர்கள். தெரிய வேண்டுமானால் பிள்ளையிடமே கேளுங்கள். எந்த எண் சொன்னாலும் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொள்ளுங்கள்.