கையைப் பிடித்தாள் மகள்!

எங்கள் ஊர் கோவில்பட்டி. 2020-ல் புவிசார் குறியீடு பெற்ற கடலைமிட்டாய்தான் எங்கள் வீட்டுக்கும் சோறு போடுகிறது. சென்ற மாதம் போனில் ஒருவர், "ஐம்பது கிலோ வேணும்மா. முன்பணம் அனுப்புறேன். வாட்ஸ்அப்ல வந்திருக்கிற க்யூஆர் படத்தை ஸ்கேன் பண்ணி, பின் நம்பரைப் போடுங்க" என்றார்.

பெரிய ஆர்டராயிற்றே! பாகை இறக்கி வைத்துவிட்டு, போனை எடுத்து இரண்டு எண்களை அழுத்தியும் விட்டேன். பக்கத்தில் படித்துக்கொண்டிருந்த மகள், "காசு கொடுக்கத்தாம்மா பின் நம்பர், வாங்குறதுக்கு எதுக்கு?" என்று கையைப் பிடித்தாள். வெலவெலத்துப் போனேன். கணக்கில் இருந்தது கடலைக்காரருக்குக் கொடுக்க வேண்டிய பணமல்லவா!

அப்படியே பணம் போய்விட்டாலும், அழுதுகொண்டு உட்காராமல் உடனே 1930-க்குப் போன் செய்ய வேண்டும். அந்த எண்ணை வெல்ல டின் மேல் எழுதி ஒட்டிவிட்டேன். நீங்களும் எழுதி வையுங்கள், சகோதரிகளே!