ஓலை வரும் வரை

கணினிப் போர் விளையாட்டில் அமர்பவன் முதல் நாழிகையிலேயே ஒரு வசதிக்குப் பழகிவிடுகிறான். சுட்டியால் ஒரு வீரனைத் தொட்டு, வரைபடத்தின் மறுகோடியைத் தொட்டால், அவன் மறுபேச்சின்றிப் புறப்பட்டுவிடுகிறான். 1997இல் வெளிவந்த 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்' விளையாட்டை, முதுகலை படித்த நாள்களில், செங்கல்பட்டில் ஒரு கணினி மையத்தில் மணிக்கணக்கில் காசு கொடுத்து நாம் ஆடியிருக்கிறோம். மரம் வெட்டுகிறவனாயினும் யானை மீதிருப்பவனாயினும் ஆணைக்கும் அசைவுக்கும் நடுவே இமைப்பொழுது கூடக் கிடையாது.

நமது வீடு திருக்கழுக்குன்றத்தில். வேதகிரி மலைக்கு உச்சிப்பொழுதில் அமுதுண்ண வந்த இரு கழுகுகளைப் பற்றி ஊரார் இன்றும் பேசுவர். அவை வருவது நின்று பல ஆண்டுகள் ஆயின. விளையாட்டில் ஆடுபவனுக்குத் தரப்படுவது அப்பறவையின் இருக்கை. நன்னூலார் சூத்திர நிலைகளுள் ஒன்றாகப் 'பருந்தின் வீழ்வு' என்பதை வைத்தார். உயரத்திலிருந்து கண்டு, வேண்டியதன் மீது நேரே இறங்குதல் அது. ஆடுபவன் செய்வதும் அதுவே: எல்லாம் காண்கிறான், எங்கும் இறங்குகிறான். மண்ணில் நின்று போரிட்ட எந்தப் படைத்தலைவனுக்கும் இவ்விரண்டும் ஒருசேர வாய்த்ததில்லை.

இவ்வசதியைப் பறித்துப் பார்த்த விளையாட்டுகளும் உண்டு. 1996இல் வந்த 'குளோஸ் காம்பேட்'டில் அஞ்சி ஒடுங்கிய வீரன் ஆணைக்கு அசையமாட்டான். 2000இல் வந்த 'காம்பேட் மிஷன்' ஆணைக்கும் செயலுக்கும் இடையே தாமதம் வைத்தது; பழகிய படைக்குக் குறைவாகவும் புதிய படைக்கு மிகுதியாகவும். 2019இன் 'ரேடியோ கமாண்டர்' இன்னும் கடுமையானது. வியட்நாமில் நிற்கும் நமது படைகள் கண்ணுக்குத் தெரியவே தெரியா. கம்பியில்லாக் கருவியில் வரும் குரலைக் கேட்டு வரைபடத்தில் குறிகளை நாமே நகர்த்திக்கொள்ள வேண்டும். பொறியியல் படிக்கும் நம் அக்காள் மகன் இவ்வகை விளையாட்டொன்றை வாங்கி இரண்டே நாளில் கைவிட்டான். "சொன்ன பேச்சைக் கேக்காத சிப்பாயை வெச்சுக்கிட்டு நான் என்ன மாமா செய்யறது?" என்றான். நியாயமான கேள்விதான். ஆடுபவன் எதிர்பார்ப்பது போரை அன்று; கீழ்ப்படிதலை.

அவன் இப்போது ஆடுவது ராஜேந்திர சோழனை. 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்' இரண்டாம் பாகத்துக்கு 2022இல் வந்த 'டைனாஸ்டீஸ் ஆஃப் இந்தியா' என்னும் விரிவாக்கத்தில் ராஜேந்திரனுக்கென்று தனிப் படையெடுப்பே இருக்கிறது. அதில் திரிசடை என்றொரு போர்க்கப்பல். (திரிசடை என்றதும் அசோகவனமும் சீதையும் நினைவுக்கு வரும் நமக்கு அதைக் கப்பலாகக் காணச் சற்று நேரம் பிடித்தது.) கப்பல்கள் சொன்ன கணத்தில் திரும்புகின்றன. உண்மை ராஜேந்திரனோ, கங்கைப் படையெடுப்பில், தளபதியை வடக்கே அனுப்பிவிட்டுக் கோதாவரிக் கரையில் காத்திருந்தான் என்கிறது திருவாலங்காட்டுச் செப்பேடு. கங்கை நீர் வந்து சேர்ந்ததும் அங்கேதான். அது வரும் வரை அரசன் கையில் ஆணை ஏதும் இல்லை. தகுந்தவனைத் தேர்ந்து அனுப்பினோம் என்ற நம்பிக்கை மட்டுமே இருந்திருக்கும்.

கலிங்கத்துப்பரணியிலும் இதுவே நிலை. குலோத்துங்கன் இருப்பது காஞ்சியில். போர் நடப்பது கலிங்கத்தில். நடத்துபவன் கருணாகரத் தொண்டைமான். வகுப்பில் பரணி நடத்தும்போதெல்லாம் நாம் நின்று சொல்லும் இடம் ஒன்றுண்டு. அரசன் மட்டுமல்ல, காளியே போர்ச் செய்தியைக் கூளி வந்து சொல்லித்தான் அறிகிறாள். தெய்வத்துக்கும் தூது வேண்டியிருந்த களம் அது. செயங்கொண்டார் இதைக் குறையாக எண்ணவில்லை. காப்பியத்தின் கட்டுக்கோப்பையே அதன்மேல் எழுப்பிவிட்டார்.

புள்ளலூர்ப் போரைப் பற்றி அக்காள் மகனிடம் பேச்சு வந்தது. 1780இல் ஹைதர் அலி கர்நாடகத்துள் இறங்கியபோது, மன்றோ கம்பெனியின் பெரும்படையுடன் காஞ்சியில் இருந்தார். குண்டூரிலிருந்து அவரோடு சேர வந்த பெய்லியின் படையைக் கொசத்தலை ஆற்று வெள்ளம் ஒரு வாரத்துக்கு மேல் தடுத்தது. செப்டம்பர் 6ஆம் நாள் பேரம்பாக்கத்தருகே திப்பு மறித்தார். பெய்லி உதவி கேட்டு எழுதினார். மன்றோ தாம் போகாமல் ஃபிளெட்சரைச் சிறு படையுடன் அனுப்பினார். 10ஆம் நாள் புள்ளலூரில் பெய்லியின் படை அழிந்தது. மன்றோ தம் பெரிய பீரங்கிகளைக் காஞ்சிக் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டுக்குப் பின்வாங்கினார்.

"பதினாலு மைல் தூரம் மாமா. அந்த ஆள் ஏன் போகலை? முட்டாளா?" என்றான் அவன். வரலாற்று நூல்கள் சிலவும் ஏறக்குறைய இதையே கேட்கின்றன. மன்றோவுக்கு வக்காலத்து வாங்குவது நம் நோக்கமன்று. ஆனால் கழுகின் இருக்கையிலிருந்து கேட்கப்படும் கேள்வி இது. உணவுக் கிடங்கு காஞ்சியில். ஹைதரின் படை நடுவில். கடிதம் வந்தால் உண்டு, இல்லையேல் தூரத்துக் குண்டோசைதான்.

1824இல் பிரஷ்யப் படை அதிகாரி ரைஸ்விட்ஸ் வகுத்த 'கிரீக்ஸ்ஷ்பீல்' ஆட்டத்தில் இரு தரப்பும் ஆணைகளை எழுதி நடுவரிடம் கொடுக்க வேண்டும். தூரத்துக்கு ஏற்பக் காலம் கடத்தி அவர் சேர்ப்பிப்பார். அந்த முறையில் புள்ளலூரை ஆடிப் பார்ப்போம் என்றோம். கோடை விடுமுறையில் ஒரு பிற்பகல், அவன் மன்றோவாகக் கூடத்தில். அவன் நண்பன் பெய்லியாக மொட்டை மாடியில். இன்னொரு பையன் ஹைதராகச் சமையலறையில். கணினி இல்லை. தாளில் வரைந்த படம், தாயக்கட்டை, துண்டுச் சீட்டுகள். நடுவராக நாம்.

முதல் அரைமணியில் மன்றோ மூன்று ஆணைகள் எழுதினான். இரண்டு தாமதமாயின; ஒன்றை ஹைதர் கைப்பற்றினான். அதன்பின் அவன் எழுதுவது குறைந்தது. "கிளம்பிப் போனா கிடங்கை ஹைதர் எடுத்துக்குவான்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டான். ஐந்து மணிக்கு ஒரு சிறு பிரிவை அனுப்பினான். தான் காஞ்சியிலேயே இருந்தான். பெய்லியின் கடைசிச் சீட்டு அப்போது நம் சட்டைப்பையில் இருந்தது. தாயக்கட்டையின் கணக்குப்படி அதற்கு இன்னும் இரண்டு சுற்று இருந்தது. அக்காள் காப்பி கொண்டுவந்து வைத்தாள். அவன் காப்பியைத் தொடாமல் மாடிப்படியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மாமா, மேலேர்ந்து ஏதாவது வந்துதா?"