பென்னி சேர்த்துக் கட்டிய பள்ளிக்கூடம்!

பிரான்ஸின் வடக்கே, அமியேன் நகரத்திலிருந்து கிழக்கே சுமார் 16 கிலோமீட்டர் போனால் வில்லேர்-பிரெத்தொன்னு என்ற சின்ன ஊர் வரும். அங்குள்ள ஆரம்பப் பள்ளியின் முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால், 'ஆஸ்திரேலியாவை மறக்காதீர்கள்' என்று பெரிய பெரிய எழுத்தில், ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். வகுப்பறையிலும் கரும்பலகைக்கு மேலே அதே சேதி, பிரெஞ்சில்.

பிரெஞ்சுப் பிள்ளைகள் படிக்கும் இடத்தில் ஆஸ்திரேலியா எப்படி வந்தது?

முதல் உலகப் போரின்போது, 1918 ஏப்ரல் 24 அன்று ஜெர்மன் படை இந்த ஊரைப் பிடித்துவிட்டது. அடுத்த குறி, ரயில் பாதைகள் வந்து கூடும் அமியேன். அன்றிரவே ஆஸ்திரேலியப் படை இருபுறமும் சுற்றி வளைத்தது. மறுநாள் ஊர் மீண்டது. ஆனால், மிச்சமிருந்தது இடிபாடுகள்தான். பள்ளிக்கூடமும் போய்விட்டது.

கடல் கடந்து, ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாகாணத்தில் பள்ளிப் பிள்ளைகள் பென்னி பென்னியாகக் காசு சேர்த்தார்கள். புதிய பள்ளி எழுந்தது. திறந்த நாள் 1927 ஏப்ரல் 25. ஊர் மீண்ட அதே தேதி! இந்த ஊரை மீட்க உயிர்விட்ட 1,200 வீரர்கள், காசு கொடுத்த பிள்ளைகளின் அப்பாக்களும் அண்ணன்மாரும் என்கிறது சுவரிலுள்ள கல்வெட்டு. அதைப் படித்தபின் யாருக்கும் சட்டென்று நகர மனம் வராது.

பள்ளிக் கூடத்தில் மரத்தில் செதுக்கிய கங்காரு, கோலா எல்லாம் உண்டு. மாடியில் அருங்காட்சியகம்.

ஊருக்கு வெளியே, குன்றின் மேல் வெள்ளைக் கோபுரத்தோடு ஆஸ்திரேலிய தேசிய நினைவுச்சின்னம். வடிவமைத்தவர் நம் டெல்லியின் இந்தியா கேட்டை வடிவமைத்த அதே லட்யன்ஸ். திறப்புவிழா 1938-ல். பிரான்ஸில் இறந்து, கல்லறைகூடத் தெரியாமல்போன 10,700-க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் அந்தச் சுவர்களில். இரண்டே வருடத்தில் மறுபடி போர். 1940-ல் பாய்ந்த குண்டுகளின் தழும்பை இன்றும் பார்க்கலாம். ஏப்ரல் 25 விடியற்காலையில் இங்கே அஞ்சலி நடக்கும். குளிருக்குக் கனமான ஸ்வெட்டர் அவசியம்.

2009 பிப்ரவரியில் விக்டோரியாவில் பெருங்காட்டுத்தீ. ஸ்ட்ராத்யூவன் என்ற சிற்றூரின் ஆரம்பப் பள்ளி எரிந்து சாம்பலானது. அதைத் திரும்பக் கட்ட இந்த முறை காசு திரட்டி அனுப்பியது, வில்லேர்-பிரெத்தொன்னு.