முன் பிரேக்

ஜூன் மழைக்குள் ஹட்டனிலிருந்து நோட்டன் பிரிட்ஜுக்கு இறங்கிக்கொண்டிருந்தேன். வாப்பா ஓடிய அதே பழைய 125 சீசீ ஹொண்டா. பின்னால் மகள். ஒரு வளைவில் கொழுந்து லொறி நின்றது. முன் பிரேக்கைப் பிடித்தேன். லீவர் கைப்பிடியில் போய் முட்டியது, பைக் நிற்கவில்லை. பயத்தில் பின் பிரேக்கை ஏறி மிதிக்க, சக்கரம் இறுகி, பைக் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போய்க் கானுக்குள் விழுந்தோம். மகளுக்கு முழங்காலில் உரசல் மட்டும், அல்ஹம்துலில்லாஹ். லொறியின் பின்பலகைக்கும் எங்களுக்கும் இடையில் ஒரு பாய் நீளம்கூட இருக்கவில்லை.

யாரையும் குறை சொல்ல வழியில்லை. லீவர் தளரும்போதெல்லாம் வயரை இறுக்கி இறுக்கி ஓடியவன் நான்தான். சக்கரத்தைக் கழற்றிய மெக்கானிக் தம்பி, "சேர், இந்த அம்புக்குறியப் பாக்கவே இல்லையா?" என்று கேட்டார். லைனர் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று காட்டும் அம்பு. எப்போதோ கோட்டைத் தாண்டியிருந்தது. இத்தனைக்கும் நான் விஞ்ஞான ஆசிரியர்!

வகுப்பில் செய்து காட்டும் கணக்குத்தான். பைக்கும் நாங்களும் சேர்ந்து 250 கிலோ, இறக்கம் 300 மீற்றர் என்று வையுங்கள். 250 × 10 × 300, அதாவது ஏழரை இலட்சம் யூல். இரண்டு லீற்றர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். காசல்ரீயிலிருந்து இறங்கும் தண்ணீரின் சக்தியை விமலசுரேந்திர மின்நிலையம் 1965இலிருந்து மின்சாரமாக்குகிறது. நம்முடையது வெறும் சூடாகத்தான் போகும். கியரைக் குறைத்தால் என்ஜின் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். மிச்சத்தில் பெரும்பகுதி பிரேக்குக்கு. மூடிய ட்ரம்முக்குள் சூடு வெளியேற வழி குறைவு, சூடேறினால் ட்ரம் விரிந்து லைனரை விட்டு விலகும். டிஸ்க் காற்றில் திறந்தபடி சுற்றுகிறது.

புது லைனர் போட்டாலே ஓடலாம் என்றுதான் தம்பி சொன்னார். எனக்கு மனம் ஆறவில்லை. டிஸ்க்கை மட்டும் வாங்கிப் பூட்டலாம் என்று நினைத்திருந்தேன், அப்படி இல்லையாம். கலிபர் பூட்டக் காது உள்ள போர்க், அதற்கேற்ற ஹப், அச்சு, மாஸ்டர் சிலிண்டர் எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். சிலிண்டர் அளவு பொருந்தாவிட்டால் லீவர் கல்லாக இறுகும் அல்லது பஞ்சாக அமுங்கும். பஞ்சிகாவத்தையில் ஒரே பைக்கிலிருந்து கழற்றிய செட்டாக எடுத்தோம். பேட், ஹோஸ், பிரேக் ஒயில் மூன்றும் புதிது. அதில் தம்பி விட்டுக்கொடுக்கவே இல்லை. இந்த ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். எங்கள் ஊர் மழைக்கு அதை மறக்கக் கூடாது. தேய்ந்த முன் டயரையும் மாற்றினேன். வழுக்கை டயரில் டிஸ்க்கைப் பிடித்தால் சக்கரம் நிற்கும், பைக் சறுக்கிக்கொண்டே போகும்.

ஒரு மாதச் சம்பளத்தில் பெரும்பங்கு போனது. மனைவி கணக்குக் கேட்கவில்லை. "இனி வேகமா ஓடுவீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

முதல் சில நாள் ஆளில்லாத நேரத்தில் மெதுவாகப் பிடித்துப் பிடித்துப் பேட்டைப் படிய வைத்தேன். இப்போது இரண்டு விரல் போதும். மகள்தான், லொறி நின்ற அந்த வளைவு வந்ததும் இரண்டு கையாலும் என் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறாள். நானும் அதற்கு முன்பே இரண்டாம் கியருக்கு வந்துவிடுகிறேன்.